ஃபேஷன் லோகோக்களின் ஒற்றுமை: பரவும் செய்தி தவறு

பர்பெரி, செலின், பலென்சியாகா, சேன் லோரான் ஆகிய ஃபேஷன் நிறுவனங்களின் லோகோக்கள் ஒன்றுபோல் இருப்பதற்கு, அனைத்தும் ஒரே முதலாளிக்குச் சொந்தமானவை என்பதே காரணம் என்று ஒரு படச்செய்தி பரவிவருகிறது. இது உண்மையல்ல. செலின் எல்விஎம்ஹெச் குழுமத்தையும், சேன் லோரானும் பலென்சியாகாவும் கெரிங் குழுமத்தையும் சேர்ந்தவை. பர்பெரியோ லண்டன் பங்குச்சந்தையில் தனியாகப் பட்டியலிடப்பட்ட நிறுவனம். இவ்விரு குழுமங்களின், பர்பெரியின் ஆண்டறிக்கைகள் அவற்றின் இணையதளங்களிலேயே கிடைப்பதால், எவரும் சரிபார்க்கலாம்.

கைபேசியின் சிறு திரையில் மெல்லிய கோடுகளும் வளைவுகளும் கொண்ட எழுத்துகள் மங்கிவிடுகின்றன என்பதாலேயே தடித்த, அலங்காரமற்ற எழுத்துகளைப் பல நிறுவனங்கள் நாடின. ஒன்றைப் பார்த்து மற்றொன்று மாறியதும், என் கணிப்பில், முக்கியக் காரணமே. ஆயினும் 2018இல் அப்படி மாறிய பர்பெரி, 2023இல் தன் பழைய குதிரைவீரன் சின்னத்துக்கே திரும்பிவிட்டது. இப்படத்தை மேலும் பகிராதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்தவர்கள், அதே குழுவில் இவ்விளக்கத்தையும் அன்புகூர்ந்து இடுங்கள்.