‘ஐந்து நிமிட பேட்டரி’ ஃபார்வர்டு: கணக்கு சரி, முடிவு தவறு

“தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி மாநிலம் முழுவதற்கும் ஐந்து நிமிடம்தான் மின்சாரம் தரும், பணம் வீண்” என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது.

2017 டிசம்பரில் இயங்கத் தொடங்கியபோது மின்கட்டத்துக்கான அந்த மாபெரும் பேட்டரியின் திறன் 100 மெகாவாட், சேமிப்பு 129 மெகாவாட்-மணி. மாநிலத் தேவை 1,500 மெகாவாட் என்று வைத்தால் அந்தச் சேமிப்பு சுமார் ஐந்து நிமிடத்துக்குத்தான். ஆனால் மாநிலம் முழுவதையும் தாங்குவதற்காக அதை அங்கே வைக்கவில்லை. ஒரு பெரிய மின்நிலையம் திடீரென நின்றால் மின்கட்டத்தின் அதிர்வெண் (மாறுமின்சாரம் விநாடிக்கு எத்தனை சுழற்சி என்பது) 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியும். அனல்மின் நிலையம் உற்பத்தியைக் கூட்டப் பல விநாடிகள் ஆகும். பேட்டரியின் இன்வெர்ட்டர் ஒரு விநாடிக்குள் மின்சாரம் செலுத்தும். அந்த இடைவெளியை அடைப்பதே அதன் முதல் வேலை. அதனால்தான் 100-இல் 70 மெகாவாட்டை மின்கட்டத்தின் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கினார்கள்; மீதி 30 மெகாவாட் மின்சந்தை விற்பனைக்கு.

2017 டிசம்பர் 14 அன்று அண்டை மாநிலமான விக்டோரியாவின் லாய் யாங் அனல்மின் நிலையத்தில் 560 மெகாவாட் அலகு நின்றது. பேட்டரி உடனே தந்தது சுமார் 7 மெகாவாட்தான். அதிர்வெண் சரிவை அது தனியாகத் தடுத்தது என்று சொன்னால் அதுவும் மிகை. விரைவே அதன் பலம்.

ஆஸ்திரேலிய எரிசக்திச் சந்தை இயக்குநர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட செயல்பாட்டு அறிக்கை அதன் இணையதளத்தில் உள்ளது; சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.