கேட்காத அந்த அழுகை
பின்னணி இசை காட்சியின் உணர்ச்சியைக் கூட்டிக் காட்டத்தான் என்று திரைப்பட ஒலியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. சத்யஜித் ராயின் வங்காளப் படம் ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல், அவளுக்காக வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். அவர் மனைவி சர்பஜயா அதை வாங்கிக்கொண்டு உடைந்து அழுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கிறது. பெயரில் ஷெனாய் இருந்தாலும் அது வில்லால் இசைக்கும் தந்தி வாத்தியம். அங்கே இசை அழுகைக்குத் துணையாக வரவில்லை, அழுகையே அதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

இசை ரவிசங்கர். சரி, இசையை விடுங்கள், அதே படத்தில் முன்பு ஒரு காட்சியில் அந்த மகள் துர்காவும் தம்பி அப்புவும் தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறார்களே, அந்த ரீங்காரம்! நாணல் பூக்களுக்கு அப்பால் ரயில் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் வெளியுலகை அவர்களிடம் கொண்டுவந்துவிடுகிறது. ஒலியைப் பற்றிய கட்டுரையில் இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடம் கொடுத்திருக்கலாம்.