நரமர குடிக்கிறீர்களா?

"நனனர சரபத."

திரையில் இப்படித்தான் வந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போடும் அக்காவின் நன்னாரி சர்பத் இது. அவர் சொல்லச் சொல்ல அளவெல்லாம் எழுதி, பானங்களின் செய்முறையைச் சேமிக்கும் என் செயலியில் ஏற்றி, 'சேமி' பொத்தானை அவர் கையாலேயே அமுக்க வைத்தேன். சேமித்த பட்டியலைத் திறந்தால் புள்ளி இல்லை, கால் இல்லை, விலங்கு இல்லை. அக்கா போனை வாங்கி உற்றுப் பார்த்தார். "இன்னா தம்பி, நம்ம சர்பத்து பேரக் கட்ச்சித் துப்பி வச்சிக்கீது?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பானகம் போட்டேன், "பனகம". நீர்மோர் போட்டேன், "நரமர". பதநீர், "பதநர". இஞ்சி டீ, "இஞச ட". வெறும் ட! ஒரு முழு டீயை ஒற்றை எழுத்தாக உரித்து வைத்திருக்கிறது.

காரணம், பெயரைச் சுத்தம் செய்து இணைய முகவரியாக்கும் ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் கணினியில் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் க, ங, ச எல்லாம் 'எழுத்து' வகை. கால், கொம்பு, விலங்கு, புள்ளி எல்லாம் 'குறி' வகை. அந்த லைப்ரரி எழுத்தையும் எண்ணையும் இடைவெளியையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுகிறது. குறிகளையும் வைத்துக்கொள் என்று அந்த விதியில் ஒரே ஒரு வகையைச் சேர்த்தால் போதும், வேலை முடிந்தது. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இன்னும் எத்தனை வருஷம் வேண்டும் உங்களுக்கு?

இதில் வயிறு எரிவது எங்கே தெரியுமா? பீன்யா கொலாடா என்ற பானத்தின் பெயரில் ஆங்கில n எழுத்தின் தலையில் சின்ன நெளிகோடு இருக்கும். அது பத்திரமாக இருக்கிறது! நெளிகோடும் n-உம் சேர்ந்து ஒரே எழுத்தாம். எங்கள் மோரின் புள்ளி மட்டும் தூசு. லைப்ரரி எழுதியவர்களுக்குப் புகார் எழுதினேன். "ஆங்கில எழுத்திலேயே பெயர் வைக்கலாமே" என்று பதில். அந்த அக்கா தன் சர்பத்தைத் தேட இங்கிலீஷ் படித்துவிட்டு வரவேண்டுமா?

சரி, அந்த லைப்ரரியைத் தூக்கிக் கடாசிவிட்டு நானே எழுதினேன். அப்புறம் தேடல் மக்கர் செய்தது. "மோர்" என்று தேடினால் பாதி மோர் வரவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்றும் சேமிக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்த சில குறிப்புகளில் இரண்டாவது விதம். தேடுவதற்கு முன் தேடும் சொல், சேமித்த பெயர் இரண்டையும் என்எஃப்சி (NFC) என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். ஒரே வரி. அந்த வரியைத் தமிழுக்கென்று ஒருவராவது எந்தப் பாடத்திலாவது சொன்னார்களா? நானும் தேடாத இடம் இல்லை.

காக்டெயில் செய்முறை தரும் இலவச ஏபிஐ (ஒரு செயலி இன்னொரு இடத்திலிருந்து தகவல் வாங்கும் வழி) ஒன்றை இணைத்த கதை வேறு. பொருளுக்கு பதினைந்து கட்டம், அளவுக்கு பதினைந்து கட்டம், காலியாக இருந்தால் 'நல்' (null, ஒன்றுமில்லை) என்று வந்து நிற்கும். அளவு பெரும்பாலும் அவுன்ஸில். ஒரு அவுன்ஸ் சுமாராக 30 மில்லி, பெருக்கிக்கொள்ளலாம், போகட்டும். அதில் நன்னாரி இல்லாததற்கும் நான் கோபப்படவில்லை, அவர்கள் ஊர் பானம் அவர்களுக்கு. நாங்கள் உட்கார்ந்து எழுதி வைத்ததையும் சிதைப்பதுதான் பொறுக்கவில்லை.