'ஜோப்' என்று தெரியாதது குற்றமா?

போன ஞாயிறு நம் சபையின் ஆங்கில ஆராதனையில் நடந்ததும், அதை எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போனது என்பதும் உங்களுக்கே தெரியும். வேதபாடம் வாசித்த பிள்ளை, வேதாகமத்தின் யோபு புத்தகத்தை 'ஜாப்' என்று வாசித்துவிட்டாள். அதற்கா இத்தனை சிரிப்பு?

ஆங்கிலத்தில் அது 'ஜோப்'தான். சரி. ஆனால் வேலைக்கும் அதே மூன்று எழுத்துதானே? யாரும் சொல்லித் தராமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

ராகேலை 'ரேச்சல்' என்கிறோம், ஏனோக்கை 'ஈனக்' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு பெயரிலும் இருப்பது அதே 'சிஎச்'. கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழ் வேதாகமம் இரண்டையும் ககரத்தில் எழுதிவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. ஏசாயா பிரிட்டனில் 'ஐசையா', அமெரிக்காவில் 'ஐசேயா'. பழைய ரோமின் பேச்சாளர் சிசரோவை அவர் காலத்து ரோமர்கள் 'கிக்கெரோ' என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லாம் வழக்கம். வழக்கத்தை யாராவது சொல்லித்தான் தர வேண்டும். 1798இல் ஆங்கில அகராதி ஆசிரியர் ஜான் வாக்கர் கிரேக்க, லத்தீன், வேதாகமப் பெயர்களின் உச்சரிப்புக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஆங்கிலேயருக்கே அது தேவைப்பட்டது. நம் பிள்ளைக்குத் தேவைப்பட்டால் கேவலமா?

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி, கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸின் மனைவி பெயரை 'பெனலோப்' என்று வாசித்தாள். 'பெனெலபி' என்று திருத்தியிருந்தால் போதும். கிரேக்கப் பெயர்களில் கடைசி 'ஈ' பெரும்பாலும் ஒலிக்கும், ஃபீபி, க்ளோயி மாதிரி. ஒரு நிமிடப் பாடம். ஆசிரியர் அதை நடத்தவில்லை. அவளை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தார். கிரேக்கக் கதைகளை எனக்கு விடிய விடியச் சொன்னவள் அவள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அப்போ வேதத்தை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வேதபாடம் வாசிப்பது யார் என்று முந்தின வாரமே பட்டியல் போடுகிறீர்கள். சனிக்கிழமை ஒரு போன் செய்து, "பாப்பா, இதை ஜோப் என்று வாசி" என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. வீடியோ எடுக்க மட்டும் நேரம் இருந்தது. "சும்மா ஜாலிக்கு" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவளுடைய அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் அதை.

தமிழ் ஆராதனையில் 'நேபுகாத்நேச்சார்' வரும் இடத்தில் திணறாத பெரியவர் யார்? அப்போது ஒருவரும் சிரிப்பதில்லையே. ஆங்கிலம் என்றால் மட்டும் ஏன் நமக்கு இந்த வெறி?

அந்த வீடியோவை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்குங்கள். அடுத்த மாதப் பட்டியலில் அவள் பெயரை மறுபடி போடுங்கள்.