ஹார்டனை விட்ட அதே அணிதான் இது

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்று பேச்செடுத்தாலே யாராவது 2012 அக்டோபரை இழுத்துவிடுவார்கள். இழுக்கட்டும், தப்பில்லை. டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரில் ஒருவருக்கும் 25 வயதாகவில்லை, அந்த ஜூனில்தான் இறுதிப்போட்டி வரை போய் மியாமியிடம் தோற்றிருந்தார்கள், நாலே மாதத்தில் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆண்டுக்கு 5.5 கோடி டாலர் தர முன்வந்ததாக அப்போது செய்தி. விதிகள் அனுமதிக்கும் உச்ச சம்பளமான மேக்ஸ் என்றால் ஏறக்குறைய 6 கோடி. ஆக சண்டையே 50 லட்சம் சொச்சத்துக்கு, அதுவும் நாலு வருஷத்துக்கும் சேர்த்து! மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டவேண்டிய வரி பயமுறுத்தியது என்றால், அணியின் இன்னொரு வீரர் கெண்ட்ரிக் பெர்கின்ஸை அம்னெஸ்டி விதியில் கழற்றிவிட்டு அவர் சம்பளத்தை வரிக் கணக்கிலிருந்தே எடுத்திருக்கலாம். செய்யவில்லை. பதிலுக்கு வந்த பிக் (புது வீரர்களைத் தேர்வுசெய்யும் டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஒன்றில் ஸ்டீவன் ஆடம்ஸ் கிடைத்தார், நல்ல சென்டர்தான் (கூடையருகே ஆடும் உயரமானவர்), ஆனால் போனவர் 2018ல் எம்விபி, அதாவது லீகின் சிறந்த வீரர் ஆனார்.

இப்போதும் அதே பொது மேலாளர் சாம் பிரெஸ்டிதான் கணக்குப் போடுகிறார், கையில் மறுபடியும் மூன்று பேர். 2025ல் கோப்பையை வென்ற கையோடு ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரென் மூவருக்கும் ஒப்பந்தத்தை நீட்டினார், எல்லாம் கூட்டினால் அதிகபட்சமாக 82 கோடி டாலர் வரை போகலாம். இந்த முறை அது சரிதான் என்பது என் கட்சி.

ஏனென்றால் கோப்பையே மலிவான சம்பளத்தில் வந்தது. 2019ல் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்தபோது ஷேயோடு ஐந்து முதல் சுற்று பிக்குகளும் வந்தன. அதில் ஒன்றுதான் 2022ல் 12வது இடத்தில் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ். இறுதிப்போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி அடித்தாரே, அந்த சீசன் முழுக்க அவர் சம்பளம் 50 லட்சம் டாலர்கூட இல்லை. 2026-27ல் அதே ஆளுக்கு 4 கோடிக்கு மேல். பிக் என்றால் எதிர்கால நட்சத்திரம் என்று எல்லோரும் கனவு காண்கிறார்கள், எனக்கு அது எடுத்த வீரரின் சம்பளத்தை நாலு வருஷம் கட்டுக்குள் வைக்கும் வழி, அவ்வளவுதான்.

இன்னொன்று, இப்போது பணம் மட்டும் பிரச்சினை இல்லை. 2025-26க்கு இரண்டாவது ஏப்ரன், அதாவது அணியின் மொத்தச் சம்பளத்துக்கான மேல் எல்லைக்கோடு, 20.78 கோடி டாலர். அதைத் தாண்டினால் முதலாளி எவ்வளவு வரி கட்டத் தயாராக இருந்தாலும் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை டிரேடில் வாங்க முடியாது, ஏழு வருஷம் தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக்கும் முடங்கும். பாஸ்டனைப் பாருங்கள், 2024ல் கோப்பை, அடுத்த கோடையில் அதன் வீரர்கள் ஹாலிடேயும் பொர்ஸிங்கிஸும் வெளியே. அணியின் நட்சத்திரம் டேட்டமின் காயமும் சேர்ந்துகொண்டது, சரி, ஆனால் சம்பளப் பட்டியல் அவர்களை எப்படியும் அங்கேதான் தள்ளியிருக்கும்.

அதனால் கைவைக்க வேண்டியது நாலாவது, ஐந்தாவது சம்பளத்தில். தண்டரின் சென்டர் ஹார்ட்டன்ஸ்டைனுக்கு 2026-27ல் 2.85 கோடி, ஆப்ஷன் (வைப்பதா விடுவதா என்ற முடிவு) அணியின் கையில். தடுப்பாட்டக்காரர் டோர்ட்டுக்கும் அதேபோல ஆப்ஷன்தான், தொகை மட்டும் குறைவு. ஹார்ட்டன்ஸ்டைன் போனால் தவறிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் அடி விழும், டென்வரின் சென்டர் யோகிச் மாதிரி ஆளைச் செட் ஒருவரே தாங்குவது கஷ்டம். அதற்காகத்தானே 2025 டிராஃப்டில் 15வது இடத்தில் தாமஸ் சோர்பரை எடுத்தார்கள்? அவருக்கு முழங்கால் போய்விட்டது, பாவம். இருந்தாலும் ஹார்ட்டன்ஸ்டைன், டோர்ட் இருவரில் ஒருவரைத்தான் வைக்கமுடியும் என்றால் நான் டோர்ட்டை விட்டுவிடுவேன். அவர் வேலையைக் கேசன் வாலஸ் புதுவரவுக்கான மலிவான ரூக்கி சம்பளத்திலேயே செய்துகொண்டிருக்கிறார்.