போகிற பஸ்ஸை விடுங்க, திரும்பி வர பஸ் எங்கே?

மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்துவிட்டால் சென்னையில் பாதிப் பேர் வண்டியை வீட்டில் போட்டுவிட்டு ரயிலேறிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை அரைகுறையாகத்தான் இருக்கிறது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். போக்குவரத்துக்காக இந்த ஊரில் இதற்கு முன் இவ்வளவு பணம் இறங்கியதில்லை. வரட்டும், நானும் ஏறுவேன். ஆனால் ஒரு ஆள் காலையில் பைக் சாவியை எடுப்பதா, பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதா என்று யோசிக்கும்போது அவர் மனசில் ஓடுவது ராத்திரி எப்படி வீடு வந்து சேர்வது என்பதுதான். பயணிகளைக் கூட்டுவது பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் காலை எட்டரை மணியைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் ராத்திரி ஒன்பதரையைப் பற்றிப் பேச வந்தேன்.

காலை எட்டரைக்குச் சென்னையில் எங்கேயிருந்தும் எங்கேயும் போய்விடலாம். நசுங்கிக்கொண்டுதான் போக வேண்டும், ஆனாலும் போய்விடலாம். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டால் திரும்புவதும் அப்படியே. மாட்டிக்கொள்வது ஆறு மணிக்கு வேலை முடியாதவர்கள். துணிக்கடையில் நிற்கிறவர், ஆஸ்பத்திரியில் செகண்ட் ஷிஃப்ட் பார்க்கிறவர், ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் ரோட்டில் அமெரிக்காக்காரர்கள் முழித்திருக்கும் நேரத்துக்கு மீட்டிங்கில் உட்காருகிறவர், ஹோட்டலில் கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறுகிறவர். இவர்களில் பலருக்குத் தினமும் லேட்டாகாது. வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆனால் அது எந்த நாள் என்று காலையில் தெரியாதே! அந்த ஒரு நாளுக்காக வாரம் முழுக்க வண்டி எடுத்துப் போகிறார்கள். அந்த ஒரு நாள் ராத்திரியில் பஸ் கிடைக்காததால் மற்ற ஐந்து நாள் காலைப் பயணியையும் நாம் இழக்கிறோம். எந்தக் கலெக்ஷன் கணக்கிலும் இந்த இழப்பு வருவதில்லை.

சென்னை காருக்கு அடிமையான ஊர் என்கிறார்கள். கார் ஊரை அடைத்துக்கொண்டு நிற்பது உண்மை. ஆனால் பஸ்ஸிலிருந்து ஆளைப் பிரித்து எடுப்பது முதலில் பைக்தான். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாசம் தவணையில் ஒரு ஸ்கூட்டர். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஒரு மழைக்காலம் நனைந்து போனபின் கார். காரில் ஏறிய ஆளைத் திரும்ப பஸ்ஸுக்குக் கூட்டிவருவது லேசான காரியமில்லை. அந்த முதல் ஸ்கூட்டரை இரண்டு வருஷம் தள்ளிப்போட வைக்க முடியுமா என்று பாருங்கள், அதுவே பெரிய விஷயம்.

ஸ்கூட்டர் வாங்குகிறவர் முட்டாளும் இல்லை. மெட்ரோவில் குறைந்தபட்சம் 10, அதிகபட்சம் 50 ரூபாய். 40 ரூபாய் தூரம் என்று வைத்துக்கொள்வோம். புருஷனும் பெண்டாட்டியும் போய் வர 160 ரூபாய். கார்டு, க்யூஆர் போட்டால் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி போக 128. ஸ்கூட்டரில் இருவரும் 30 கிலோமீட்டர் போய் வந்தால், லிட்டருக்கு 45 கிடைத்தால்கூட, பெட்ரோல் 70 ரூபாயைத் தாண்டாது. ஸ்டேஷன் வரை போகும் ஆட்டோவை இதில் நான் சேர்க்கவே இல்லை. பஸ் இதைவிட மலிவு, சந்தேகமில்லை. சாதாரண பஸ்ஸில் பெண்ணுக்குக் காசே கிடையாது. அப்படியும் வண்டி வாங்குகிறார்கள் என்றால் காரணம் டிக்கெட் விலை இல்லை என்றுதானே ஆகிறது?

இந்த ஊரில் இன்னமும் கண்ணை மூடிக்கொண்டு நம்பப்படுவது தாம்பரம் லைன் எலக்ட்ரிக் ட்ரெயின். 1931-ல் மின்சாரத்துக்கு மாறிய பாதை. பெட்டி அழுக்கு, கூட்டம், கதவோரத்தில் தொங்கும் பையன்கள் எல்லாம் உண்டு. இருந்தும் ரங்கநாதன் தெருவில் கடை அடைத்துவிட்டு வருகிற பெண்கள் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் பதற்றமில்லாமல் பேசிக்கொண்டே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வண்டி போனால் அடுத்தது வரும், நள்ளிரவை ஒட்டிக்கூட வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வீடு பார்க்கும்போதே ‘ட்ரெயின் லைனா?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘பஸ் ரூட்டா?’ என்று கேட்டு வாடகை பேசின காலம் ஒன்றும் இருந்தது, இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டே ரொம்ப நாளாகிறது.

மேம்பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயிலும் ரயில்தானே, அதற்கு ஏன் அந்த மதிப்பு இல்லை? ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஏதாவது ஒரு பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குள் தனியாகப் போய்ப் பாருங்கள். கல்யாண மண்டபம் மாதிரிப் பெரிய கட்டடம், அதில் ஒரு டியூப் லைட், ஒரு நாய். மேலே ஏறிப்போக ஆணுக்கே யோசனையாக இருக்கும். அதோடு, 2023 ஆகஸ்ட்டில் நாலாவது பாதை போட வேண்டும் என்று கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே வண்டியை நிறுத்தினார்கள். ஏழு மாசம் என்று சொன்னது பதினாலு மாசம் ஆனது. பதினாலு மாசத்தில் ஒரு மனுஷன் வண்டி வாங்கி, தவணையில் பாதி கட்டி முடித்து, டிராஃபிக்கில் எந்தச் சந்தில் புகுந்து போகலாம் என்று கற்றும் விடுவான். அப்புறம் பாதையைத் திறந்து வைத்து, ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டால்?

சரி, பஸ்ஸுக்கு வருவோம். ராத்திரி பஸ் ஏன் குறைகிறது என்பது ரகசியம் ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு மேல் ஒரு நடைக்குக் கலெக்ஷன் குறைவு. டீசல் அதே டீசல், டிரைவர் கண்டக்டர் சம்பளம் அதே சம்பளம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு அவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்களுக்கு மட்டும் என்ன தனி பஸ்ஸா இருக்கிறது? ஆக, டிப்போவில் ஆள் பற்றாத நாளில் முதலில் வெட்டு விழுவது கடைசி நடைகளுக்குத்தான். காலை பஸ் ஒன்று வராவிட்டால் நூறு பேர் சத்தம் போடுவார்கள். ராத்திரி ஒன்பதே முக்கால் பஸ் வராவிட்டால் ஆறு பேர் முணுமுணுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார்கள், யாரும் கேட்கப்போவதில்லை. டிப்போவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவர் கையிலுள்ள தாள் ஒரு நடைக்கு எவ்வளவு வசூல் என்று மட்டும்தான் சொல்கிறது.

வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த நேரத்தில் ஒரு கால் மணி நேரம் நின்றாலே எல்லாம் விளங்கிவிடும். பாதிப் பேர் ரோட்டில் இறங்கி நிற்பார்கள், வருகிற வண்டியின் போர்டு தெரிய வேண்டுமே. பத்தடி தள்ளி ஷேர் ஆட்டோக்காரர் ‘மேடவாக்கம், மேடவாக்கம், ஒரு ஆள், ஒரே ஆள்’ என்று கத்துவார். அந்த ஒரே ஆள் ஏறின பிறகும் இன்னும் ஒரே ஆள் வேண்டும். டிபன் பையோடு நிற்கும் ஒரு அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார், ஏற மாட்டார். முதல் வண்டியை விடுவார், இரண்டாவதையும் விடுவார். மூன்றாவதில் இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் சட்டென்று ஏறிவிடுவார். போனில் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது, பக்கத்தில் நிற்கும் பையன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். வண்டியே கிளம்பாதபோது அது எதைக் காட்டும்? ஷேர் ஆட்டோக்காரர்களைத் திட்டுவது நம் ஊர் வழக்கம். ஆனால் ராத்திரியில் எந்த ரோட்டில் ஆள் இருக்கிறது என்று இந்த ஊரிலேயே சரியாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் காத்து நிற்கும் இடங்களை ஒரு வாரம் குறித்தால் போதும், ராத்திரி பஸ் விட வேண்டிய ரூட் மேப் கையில் வந்துவிடும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. என்னைக் கேட்டால், மெட்ரோவின் முதல் கட்டத்தைவிட இந்த ஊரின் அன்றாட வாழ்க்கையை அதிகம் மாற்றியது அதுதான். இன்று அந்த பஸ்களில் பாதிக்கும் மேல் பெண்கள். ‘ஓசி’ என்று ஏளனம் பேசினவர்கள் எல்லாம் கொஞ்சம் ஏறிப் பார்த்திருக்கலாம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூ வாங்கக் கோயம்பேடு போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். ஆனால் அந்த இலவசம் பஸ் ஓடும் நேரத்துக்கு மட்டும்தானே செல்லும். காலையில் காசில்லாமல் போன அதே பெண், ராத்திரி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்.

மெட்ரோவிலும் இதே சங்கதி. காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினோரு மணி வரை ரயில் உண்டு. பதினோரு மணி ரயிலில் ஏறினவர் பளபளப்பான ஸ்டேஷனிலிருந்து எஸ்கலேட்டரில் மேலே வந்து நின்றால், வெளியே அவருக்காக நிற்பது ஆட்டோ மட்டும். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் என்று ‘சென்னை ஒன்’ ஆப் 2025 செப்டம்பரில் வந்தது. நல்ல வேலை. 2010-ல் சட்டம் போட்டும் பல வருஷம் தூங்கிய ‘கும்டா’ (ஊரின் எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்க வேண்டிய அரசு அமைப்பு) கடைசியில் கண் விழித்ததற்கு அடையாளம். ஆனால் டிக்கெட்டை இணைத்தார்களே தவிர நேரத்தை இணைக்கவில்லை. கடைசி ரயில் வந்து, ஆட்கள் வெளியே வருகிற வரைக்கும் வாசலில் ஒரு சின்ன பஸ் நின்று கிளம்பினால் அதற்குப் பெயர்தான் இணைப்பு. 2013-லேயே மினி பஸ் விட்ட ஊர் இது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. மாதவரம்–சிப்காட் மெட்ரோ பாதை பெரம்பூர், புரசைவாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு என்று வருகிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குத் தலைமுறை தலைமுறையாக ஓடும் 29சி பஸ்ஸின் ரூட்டை ஏறக்குறைய அப்படியே பூமிக்கு அடியில் கொண்டுபோகிறார்கள். அதாவது, மெட்ரோவுக்கு ஆள் சேர்த்து வைத்திருப்பதே அந்த பஸ்தான். ஆனால் தோண்டும் வருஷங்களில் அந்த ரோடுகளில் என்ன நடக்கிறது? ஒருவழிப்பாதை, மாற்றுப்பாதை, தகரத் தடுப்புக்குப் பின்னால் காணாமல் போன ஸ்டாப். புது ஸ்டாப் எங்கே என்று ஒரு போர்டுகூட வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை, டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். மெட்ரோ வருகிற வரைக்கும் அந்தப் பயணியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய காலத்தில்தான் அவரை விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. சென்னையில் மாநகர பஸ்கள் மூவாயிரத்துச் சொச்சம். பெங்களூரில் ஆறாயிரத்துக்கும் மேல். பஸ் பற்றாக்குறை நிஜம்தான். ஆனால் ராத்திரிக்குப் புது பஸ் வேண்டாமே! பகலில் ஓடினவை எல்லாம் அந்த நேரத்தில் டிப்போவில்தான் நிற்கின்றன. வேண்டியது ஆள், டீசல், அப்புறம் கொஞ்சம் பிடிவாதம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்களோடு தொடங்கிய ஏற்பாட்டில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணி ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது. அதில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட வேண்டிய கிலோமீட்டர் இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்து எழுத முடியாதா? தனிப் பாதை, ஏசி பஸ், ஸ்டாப்பில் டிஜிட்டல் போர்டு எல்லாம் வரட்டும், எனக்கு எதிர்ப்பே இல்லை. தெருவில் சும்மா காரை நிறுத்துகிறவர்களிடம் காசு வாங்கினாலும் சந்தோஷம்தான், அதை எழுதினால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

நான் கேட்பது சின்னது. ஒரே ஒரு டிப்போவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய ரூட் நாலைந்தில் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை இருபது நிமிஷத்துக்கு ஒரு பஸ். எந்த ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு என்று பெயின்ட்டில் எழுதி வையுங்கள், ஆப் மட்டும் போதாது. எழுதின பஸ் காலியாக ஓடினாலும் ஓடட்டும், நடையை வெட்டக் கூடாது. பெண்கள் அதிகம் இறங்கும் ஸ்டாப்புகளில் விளக்கு எரிகிறதா என்பதை மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும். ஆறு மாசம் கழித்துக் கணக்குப் பாருங்கள், ஆனால் ராத்திரி வசூலைப் பார்க்காதீர்கள். அதே ரூட்டில் காலை பஸ்ஸில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், எத்தனை பேர் 1,000 ரூபாய் மாத பாஸ் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் ஆறு மாச டீசலோடு நஷ்டம் முடிந்தது.

கமென்ட்டில் ‘சூப்பர் சார்’ போடுவதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உங்கள் ரூட் நம்பர், ஏறும் ஸ்டாப், ராத்திரி எத்தனை மணிக்கு மேல் நீங்கள் பஸ்ஸை எதிர்பார்ப்பதை விட்டுவிடுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். கண்டக்டர், டிரைவர் யாராவது படித்தால் உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள், டிப்போ பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ரூட்வாரியாகப் பிரித்து ஒரு தாளாக்கி, மனுவாகக் கொடுக்கப் போகிறேன்.