20 நிமிட வாட் கணக்கு போதாது
இளம் சைக்கிள் வீரர்கள் 20 நிமிட மலை ஏற்றத்தில் உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் சக்தி கொடுக்கிறார்கள் என்று பார்த்தாலே மூன்று வாரப் பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறவரைச் சொல்லிவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இது ஒப்பவில்லை. இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் 2018இல் சைமன் யேட்ஸ் 13 நாள் முன்னணி வீரருக்கான இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்தார், மூன்று கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்றார். 19ஆம் கட்டத்தில் ஃபினெஸ்ட்ரே மலை வந்ததும் கால் ஓய்ந்துபோய் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார். திறமை ஒரே வாரத்தில் கரைந்துபோகுமா? தீர்ந்தது மீளும் சக்திதான். அதே ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை நிதானமாக ஓட்டி ஜெயித்தார். 2025இல் அதே ஃபினெஸ்ட்ரேயில் தாக்கி ஜிரோ பட்டத்தையும் எடுத்தார். மலேசியாவின் கெந்திங் மலையை வைத்து இளம் வீரர்களை எடைபோடலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, நன்றாக மலை ஏறுபவர் யார் என்று மலேசியாவில் நடக்கும் லங்காவி பந்தயத்தில் அந்த ஏற்றம் காட்டிவிடும், ஆனால் 2022இல் எட்டு நாள் நடந்த அந்தப் பந்தயத்தை வென்ற இவான் சோசா மூன்று வாரப் பந்தயம் எதிலும் முதல் பத்துக்குள் முடித்ததில்லை. எங்கள் கோம்பாக் ஊர் சைக்கிள் குழுவிலும் பார்த்திருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய்விடும் நண்பர், தொடர்ந்து பல நாள் ஓட்டிய பயணத்தில் மூன்றாம் நாள் காலை ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு வாய்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார். களைத்த உடம்பு சாப்பாட்டை ஏற்கிறதா, இரவு தூங்குகிறதா, இரண்டாம் வாரம் கடந்த பிறகு ஏற்றங்களில் நேரம் எவ்வளவு விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இந்த இளைஞர்களை மதிப்பிடுங்கள்.